ஏறும் ஆண்டு, இறங்கும் ஆண்டு

(நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சியின் ஏற்ற இறக்கங்கள் குறித்து, ஓட்டக்காரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் டர்பன் என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அங்கிருந்து உள்நாட்டுக்குள், மேட்டு நிலத்தில், பீட்டர்மாரிட்ஸ்பர்க். பழைய சாலை வழியே போனால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஒரு நாள் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தத் தூரத்தை ஓடியே கடக்கிறார்கள். காம்ரேட்ஸ் மராத்தான் என்பது அந்த ஓட்டத்தின் பெயர். பெயரில்தான் மராத்தான், தூரம் 42 கிலோமீட்டர் மராத்தானைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஓர் ஆண்டு கடற்கரையிலிருந்து மலைக்கு ஏறி ஓடுவதும், மறு ஆண்டு மலையிலிருந்து கடலுக்கு இறங்கி ஓடுவதும் அங்கே வழக்கம்.

இரண்டில் எது கடினம்?

புதிதாக வருபவரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார்: ஏறுவது. இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தவர்களில் பலர் இறங்குவதைத்தான் சொல்கிறார்கள். ஏறும் ஆண்டில் மூச்சு வாங்கும், வேகம் குறையும், ஆனாலும் மறுநாள் ஒருவாறு நடக்கலாம். இறங்கும் ஆண்டில் கடிகாரம் நல்ல நேரத்தைக் காட்டும். மறுநாள் காலை, தங்கியிருக்கும் விடுதியின் மாடிப்படியில் இறங்கக் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, பின்புறமாக ஒவ்வொரு படியாகக் கால் வைக்க வேண்டியிருக்கும்.

காரணம் தொடையில் இருக்கிறது. மேட்டில் ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கியபடி உடம்பை மேலே தள்ளுகிறது. சரிவில் இறங்கும்போது அதே தசை, உடலின் எடையைத் தாங்கியபடி, இழுபட்டு நீண்டுகொண்டே வேலை செய்கிறது. ஒவ்வோர் அடியும் பிரேக் பிடிப்பதற்குச் சமம். சமதரையிலேயே ஓடுபவரின் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. சரிவில் அது இன்னும் கூடும். மீட்டருக்கு ஓர் அடி என்று வைத்துக்கொண்டாலும் 90 கிலோமீட்டருக்கு 90,000 அடிகள். டர்பனை நோக்கி ஓடும் ஆண்டில் போத்தாஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில் என்னும் பெரிய சரிவுகள் பாதித் தூரம் தாண்டிய பிறகே வருகின்றன. அதற்குள் தொடை களைத்துப் போயிருக்கும். தசையிழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வரும்.

இதே தசைக்கு இன்னொரு குணமும் உண்டு. பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரே ஒரு முறை நல்ல சரிவில் ஓடி வலி பட்டுவிட்டால் போதும், அடுத்த முறை அதே சரிவில் சேதம் பெரிதும் குறைந்துவிடும். அந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நிற்கும். மேட்டில் ஏறிப் பழகிய கால், இறக்கத்தைத் தானாகக் கற்றுக்கொள்வதில்லை. அதற்கென்று தனியே பழக வேண்டும்.

நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சி முழுவதற்கும் இது பொருந்தும் என்பதுதான் இந்தப் பேச்சின் மையம். ஐந்தாறு மாதம் நீளும் பயிற்சியில் ஏறும் வாரங்கள் இருக்கின்றன, இறங்கும் வாரங்களும் இருக்கின்றன. எல்லாரும் ஏறுவதற்குத் திட்டம் போடுகிறார்கள். இந்த வாரம் 60 கிலோமீட்டர், அடுத்த வாரம் 70, அதற்கடுத்து 80 என்று கட்டம் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். காய்ச்சல் வந்த வாரத்துக்கும், கால் வலித்த வாரத்துக்கும், மனம் சோர்ந்த வாரத்துக்கும் அந்தத் தாளில் கட்டமே கிடையாது. அப்படி ஒரு வாரம் வந்ததும் பயிற்சி பாழாகிவிட்டது என்று பதறி, விட்டதைப் பிடிக்கக் கூடுதலாக ஓடுகிறார்கள். முறிவுகள் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன.

காம்ரேட்ஸ் ஓட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். அதைத் தொடங்கியவர் விக் கிளாப்பம் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர். முதல் உலகப் போரில் சிப்பாயாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமார் 2,700 கிலோமீட்டர் நடந்தவர். உடன் நடந்து மடிந்த தோழர்களுக்குக் கல்லில் நினைவுச்சின்னம் எழுப்புவதைவிட, அவர்கள் பட்ட பாட்டை நினைவூட்டும் ஓர் ஓட்டமே பொருத்தம் என்று அவர் கருதினார். முன்னாள் வீரர்கள் சங்கத்திடம் அனுமதி கேட்டார். இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். மூன்றாவது முறை அனுமதியோடு, திருப்பித் தர வேண்டிய முன்பணமாக ஒரு பவுண்டும் கொடுத்தார்கள். 1921 மே 24 அன்று 34 பேர் புறப்பட்டு 16 பேர் ஓடி முடித்தார்கள். பில் ரோவன் என்பவர் 8 மணி 59 நிமிடத்தில் முதலில் வந்தார். இன்றும் 9 மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு அவர் பெயரிட்ட பதக்கம் உண்டு.

அடுத்த ஆண்டு வந்தவர் ஆர்தர் நியூட்டன். விவசாயி, நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். தன் நிலம் தொடர்பாக அரசோடு அவருக்குத் தகராறு. அரசு காது கொடுக்கவில்லை. பெரிய ஓட்டமொன்றில் வென்றால் ஊர் தன்னைத் திரும்பிப் பார்க்கும், அப்போது தன் குறையைச் சொல்லலாம் என்பது அவர் கணக்கு. 1922 புத்தாண்டு நாளில் பயிற்சியைத் தொடங்கினார். முதல் ஓட்டம் இரண்டே மைல்தான். அதற்கே உடம்பு பிடித்துக்கொண்டு, உடனே தொடர முடியாமல் போனது. முரட்டுத்தனமாக ஓடிப் பயனில்லை என்பதைத் தொடக்கத்திலேயே உணர்ந்து, நடையும் மெதுவோட்டமுமாகத் தூரத்தைக் கூட்டினார். ஐந்து மாதத்துக்குள் வந்த அந்தப் பந்தயத்தில் வென்றார். 1922இலிருந்து 1925 வரை தொடர்ந்து நான்கு முறை, 1927இல் மறுபடி ஒரு முறை என மொத்தம் ஐந்து வெற்றிகள்.

பின்னாளில் வாரத்துக்கு 100 மைலுக்கு மேல் ஓடியவர் அவர். ஆனால் எப்படி ஓடினார் என்பதுதான் முக்கியம். அடிக்கடி ஓடு, மென்மையாக ஓடு, பயிற்சி நாளில் கடிகாரத்தோடு மல்லுக்கு நிற்காதே என்பது அவருடைய முறை. அந்தக் காலத்து ஓட்டக்காரர்கள் நடையிலும் குறுகிய வேக ஓட்டங்களிலும் நம்பிக்கை வைத்திருந்தபோது இப்படிச் சொன்னவர் அவர். பந்தயப் பாதையின் நடுவில், டிரம்மண்ட் என்னும் இடத்துக்கு அருகே சாலையோர மண்மேட்டில் குடைந்த ஓர் இருக்கை இருக்கிறது. ஆர்தரின் ஆசனம் என்பார்கள். நியூட்டன் பயிற்சியின்போது உட்கார்ந்து இளைப்பாறிய இடம் என்று சொல்லப்படுகிறது. கடந்துபோகும் ஓட்டக்காரர்கள் அங்கே ஒரு பூவை வைத்து, அவருக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிச் செய்தால் மீதிப் பாதியும் நல்லபடியாக அமையும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஐந்து முறை வென்றவருக்கு அந்தச் சாலை வைத்திருக்கும் நினைவிடம், அவர் உட்கார்ந்து ஓய்வெடுத்த இடம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஓய்வு ஏன் வேண்டும்? உடம்புக்குள் நடப்பதைப் பாருங்கள். பயிற்சி தொடங்கிய சில நாளிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகிவிடுகிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக இரத்தத்தை அனுப்புகிறது. சில வாரங்களில் தசையணுக்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. ஓடுபவருக்கு மூச்சு இலகுவாகிறது, கால் துள்ளுகிறது, எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம் என்று தோன்றுகிறது. தசைநார்களும் எலும்பும் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை; அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆக, எஞ்சின் தயாராகிவிட்டது, அச்சாணி தயாராகவில்லை.

எலும்பின் கதை இன்னும் நுட்பமானது. புதிய சுமை விழுந்தவுடன் எலும்பு நேராகப் பலப்படுவதில்லை. முதலில் பழைய எலும்பை அரித்தெடுக்கும் அணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. அந்த இடத்தில் புதிய எலும்பை நிரப்பும் அணுக்கள் பிறகுதான் வருகின்றன. நடுவில் உள்ள சில வாரங்கள், பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச் சுவர் எழுப்பாத வீட்டைப் போன்றவை. உடம்பு உற்சாகமாக இருக்கும் அதே நாட்களில் எலும்பு முன்னைவிட மெலிந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலும் பாதத்திலும் மயிரிழை முறிவு வருவது பெரும்பாலும் இந்தக் காலகட்டத்தில். இறங்கித்தான் ஏற வேண்டும் என்பது இங்கே உவமையாகச் சொல்லப்படவில்லை. எலும்பு கட்டப்படும் விதமே அதுதான்.

சென்னையிலிருந்து காம்ரேட்ஸுக்குப் பயிற்சி செய்யும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இந்தியாவிலிருந்து இப்போது நூற்றுக்கணக்கானவர்கள் அந்த ஓட்டத்துக்குப் போகிறார்கள், எனவே இது அரிய காட்சி அல்ல. அலுவலக வேலை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், விடிகாலை நான்கு மணிக்கு அலாரம். நகரத்தில் மேடு இல்லாததால் மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பழகுகிறார். முடிந்தபோது ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் போய் வருகிறார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றைய தூரத்தைக் குறிக்கிறார். ஜனவரியில் பக்கங்கள் நிறைகின்றன. பிப்ரவரி கடைசியில் இடது முன்னெலும்பில் ஓரிடத்தில் மட்டும் விரல் வைத்தால் சுருக்கென்கிறது. ஓடத் தொடங்கி உடம்பு சூடானால் வலி மறைகிறது, அதனால் தொடர்ந்து ஓடுகிறார். மார்ச்சில் நடக்கும்போதே வலிக்கிறது. மருத்துவர் ஓட வேண்டாம் என்கிறார். நோட்டில் வெற்றுப் பக்கங்கள் தொடங்குகின்றன.

இங்கே இரண்டு வலிகளைப் பிரித்தறியக் கற்க வேண்டும். இரண்டு தொடையிலும் பரவலாக, கனமாக இருக்கும் வலி, உடம்பு வளரும் வலி. இரண்டு மூன்று நாளில் கரையும். ஒரே பக்கத்தில், ஒரே புள்ளியில், எலும்பின்மேல் கூர்மையாக நிற்கும் வலி வேறு சாதி. அதை வலிநிவாரணி போட்டு மூடிவிட்டு ஓடுவது பெரிய ஆபத்து. ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைப் பல மணி நேர ஓட்டத்தின்போது, உடலில் நீர் குறைந்த நிலையில் விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிதைந்த தசையின் கழிவுகளை வடிகட்டித் தள்ள வேண்டிய நேரத்தில், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை அந்த மாத்திரை குறைத்துவிடுகிறது. ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் வீட்டில் படுத்திருக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சளி, இருமல், தொண்டைக்கட்டு ஆகியவை இன்னோர் இறக்கம். கேப் டவுனில் ஆண்டுதோறும் டூ ஓஷன்ஸ் என்ற 56 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். காம்ரேட்ஸுக்குப் போகும் பலர் அதை நீண்ட பயிற்சி ஓட்டமாக எடுத்துக்கொள்வார்கள். அதில் ஓடியவர்களை இரண்டு வாரம் கவனித்த ஆய்வு ஒன்று 1983இல் வெளிவந்தது. ஓடியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சளித் தொல்லை வந்தது. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தும் ஓடாதவர்களில் 15 விழுக்காட்டினருக்கே வந்தது. வேகமாக ஓடி முடித்தவர்களிடம் தொல்லை கூடுதலாகக் காணப்பட்டது. கடும் ஓட்டத்துக்குப் பிந்தைய நாட்களில் உறக்கத்தையும் உணவையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மூத்த ஓட்டக்காரர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கென்று ஒரு தனிச் சோதனை இருக்கிறது. காம்ரேட்ஸ் நடப்பது பெரும்பாலும் ஜூன் மாதத்தில். அங்கே அது குளிர்காலம். பயிற்சியின் உச்சமான ஏப்ரலும் மேயும் நமக்குக் கோடை. கத்திரி வெயில் வேறு. சென்னையில் காலை ஐந்து மணிக்கே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதும் இல்லை. இதயம் இரண்டு வேலை பார்க்கிறது: தசைக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். ஜனவரியில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓடியவருக்கு மே மாதத்தில் ஏழரை நிமிடம் பிடிக்கிறது. இவ்வளவு உழைத்தும் பின்னுக்குப் போகிறோமே என்று மனம் உடைகிறது.

உண்மையில் அவர் பின்னுக்குப் போகவில்லை. வெக்கையில் கவனமாக ஓடும் உடம்பு பத்துப் பதினான்கு நாளில் அதற்கேற்ப மாறுகிறது. இரத்த நீர் பெருகுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையில் போகும் உப்பு குறைகிறது. கோடையில் மெதுவாக ஓடியவர், குளிர்ந்த காலையில் அதே உழைப்புக்கு வேகமாக ஓடுவதைக் காண்பார். ஆகவே மே மாதக் கடிகாரத்தைப் பார்த்துத் தன்னை மதிப்பிடக் கூடாது. மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்தே மதிப்பிட வேண்டும். ஆனால் வெக்கையோடு விளையாட்டு கூடாது. தலைசுற்றல், குழப்பமான பேச்சு, தள்ளாட்டம் தெரிந்தால் அந்த நொடியே நிறுத்தி, உடம்பைத் தண்ணீரால் குளிர்விக்க வேண்டும்.

தண்ணீர் பற்றியும் இந்த ஓட்டம் உலகத்துக்கு ஒரு பாடம் சொன்னது. முடிந்த அளவுக்குக் குடி, தாகம் வருமுன்பே குடி என்று ஓடுபவர்களுக்கு அறிவுரை சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1981இல் காம்ரேட்ஸ் ஓடிய ஒரு பெண் நினைவிழந்தார். காரணம் நீரிழப்பு அல்ல; அளவுக்கு மீறிக் குடித்ததால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு நீர்த்துப் போயிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். தானும் காம்ரேட்ஸ் ஓடியவரான மருத்துவர் டிம் நோக்ஸ், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இத்தகைய நிகழ்வுகளை 1985இல் மருத்துவ இதழில் எழுதினார். பிற நாடுகளில் மராத்தான் ஓடிய சிலர் இதே காரணத்தால் இறந்த பிறகே பழைய அறிவுரை மாறியது. தாகத்துக்குக் குடிப்பது என்ற எளிய வழிக்கு விளையாட்டு மருத்துவம் திரும்பி வந்தது. நீண்ட ஓட்டத்தின் நடுவே எடை கூடியிருந்தால் ஏதோ தவறு நடக்கிறது என்று பொருள்.

சாப்பாட்டுக்கும் பழக்கம் வேண்டும். உடலில் சேமித்து வைக்கக்கூடிய மாவுச்சத்து ஏறக்குறைய அரைக் கிலோ; அது 2,000 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் 90 கிலோமீட்டர் ஓட 5,000 கலோரிக்கு மேல் வேண்டும். மீதியைக் கொழுப்பும், வழியில் சாப்பிடுவதும் ஈடுகட்ட வேண்டும். மணிக்கு 60 கிராம் அளவுக்கு மாவுச்சத்து எடுக்கலாம் என்பது பொதுவான கணக்கு. பழகாத வயிற்றில் அதைத் திணித்தால் குமட்டிக்கொண்டு வரும். எனவே காலைப் போலவே குடலுக்கும் பயிற்சி. வார இறுதி நீண்ட ஓட்டத்தில் வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பிட்ட உருளைக்கிழங்கு என்று எது ஒத்துக்கொள்கிறது எனப் பார்த்துவிட வேண்டும். காம்ரேட்ஸ் சாலையோர மேசைகளில் உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் கிடைக்கும். தண்ணீர் பாக்கெட்டில் வரும், பல்லால் கடித்துத்தான் திறக்க வேண்டும். இதுவும் நமக்குப் பழகிய வேலைதான்.

குறைவாகச் சாப்பிட்டு அதிகமாக ஓடும் பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். எடை குறையக் குறைய ஓட்டம் வேகமாகும் என்று நம்பிப் பலர் பட்டினியோடு ஓடுகிறார்கள். ஓட்டத்துக்குச் செலவானது போக உடம்பை நடத்த ஆற்றல் மிஞ்சாதபோது, உடம்பு ஒவ்வொரு விளக்காக அணைக்கத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், பிறகு நின்றே போகும். ஆண்களுக்கு ஆண்மைச் சுரப்பு குறையும். எலும்பு அடர்த்தி இழக்கும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்குத் தனிப் பெயரிட்டு, மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் கவனிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. மாதவிலக்கு நின்றால் பயிற்சி கடுமையாக நடக்கிறது என்று பெருமைப்படும் வழக்கம் ஓட்டக்காரர்களிடையே இருந்தது. அது பெருமை அல்ல, நோயின் அறிகுறி. பெண்கள் இதைப் பயிற்சியாளரிடம் தயக்கமின்றிச் சொல்லும் சூழலை உருவாக்குவது அவர்களைச் சுற்றியுள்ள அனைவரின் பொறுப்பு.

புரூஸ் ஃபோர்டைஸ் என்ற பெயர் இந்தச் சாலையில் பெரியது. ஒன்பது முறை வென்றவர். ஆனால் அவருடைய தொடக்கத்தைப் பாருங்கள்: 1977இல் 43ஆம் இடம், 1978இல் 14, 1979இல் 3, 1980இல் 2. ஐந்தாவது முயற்சியில்தான், 1981இல், முதலிடம். பிறகு 1988 வரை விடாமல் வென்றார், 1990இல் மறுபடியும் ஒரு முறை. அவர் அடிக்கடி வற்புறுத்தியது ஓய்வைத்தான். அதிகப் பயிற்சியோடு களைத்து வந்து நிற்பதைவிட, கொஞ்சம் குறைந்த பயிற்சியோடு புத்துணர்ச்சியாக வந்து நிற்பது மேல் என்பது அவர் கொள்கை. கெர்டா ஸ்டெய்ன் என்ற ஓட்டக்காரரின் வளர்ச்சியும் இப்படியே. 2015இல் அவர் முதன்முதலில் ஓடியபோது 8 மணி நேரத்துக்கு மேல் எடுத்தார். 2019இல், ஏறும் பாதையை 6 மணி நேரத்துக்குள் முடித்த முதல் பெண் ஆனார்: 5 மணி 58 நிமிடம் 53 நொடி. நடுவில் நான்கு ஆண்டுகள்.

பயிற்சியில் அநேகமாக யாரும் 90 கிலோமீட்டர் ஓடிப் பார்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நீண்ட ஓட்டம் 50, 60 கிலோமீட்டரோடு நின்றுவிடும். சனிக்கிழமை ஒன்றும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமாக, களைத்த காலோடு மறுபடி ஓடிப் பழகுவார்கள். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைப்பார்கள். அந்த வாரங்களில்தான் மனம் அதிகம் அலைபாயும். இல்லாத வலியெல்லாம் தெரியும், உழைத்ததெல்லாம் கரைகிறது என்று பயம் வரும். கரைவது களைப்பு மட்டுமே. அதைத் தாங்கிக்கொண்டு சும்மா இருப்பதும் பயிற்சியில் ஒரு பகுதி.

இந்தச் சாலைக்கும் தமிழர்களுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற டுரூரோ என்ற கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. தொடர்ந்து வந்தவர்களிலும் தமிழர் ஏராளம். கரும்புத் தோட்டங்களில் அவர்கள் உழைத்த பகுதிதான், இந்த ஓட்டம் நடக்கும் நேட்டால். இந்த ஓட்டத்தின் மலைமுனையான பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில்தான் 1893இல் காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். டர்பனில் இன்றும் தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். ஆனால் காம்ரேட்ஸ் ஓட்டம் 54 ஆண்டுகள் வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே அதிகாரபூர்வமாகத் திறந்திருந்தது. 1923இல் ஃபிரான்சிஸ் ஹேவார்ட் என்ற பெண் அனுமதியின்றியே ஓடி முடித்தார். 1935இல் ராபர்ட் ம்ட்சாலி என்ற கறுப்பினத்தவரும் அப்படியே ஓடி முடித்தார். இருவர் பெயரும் அந்த ஆண்டுப் பட்டியலில் ஏறவில்லை. 1975இல்தான் பெண்களுக்கும் எல்லா இனத்தாருக்கும் கதவு திறந்தது. 1989இல் சாம் சபலாலா, வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். தன் வீட்டு வாசல் வழியே போகும் ஓட்டத்தில் சேர ஒரு தலைமுறை முழுக்கக் காத்திருந்ததை எண்ணும்போது, மூன்று வார ஓய்வைப் பொறுக்க முடியாத நம் அவசரம் சிறுத்துப் போகிறது.

அந்த 1989ஆம் ஆண்டிலேயே இன்னொன்றும் நடந்தது. வாலி ஹேவார்ட் 1930இல், 21 வயதில், முதல் முயற்சியிலேயே வென்றவர். அடுத்த வெற்றி இருபது ஆண்டுகள் கழித்து, 1950இல் வந்தது. மொத்தம் ஐந்து முறை வென்றார். 1988இல், 79 வயதில் திரும்பி வந்து 9 மணி 44 நிமிடத்தில் முடித்தார். 1989இல் அவருக்கு வயது 80. அன்றைய கெடு 11 மணி நேரம். கடைசிக் கிலோமீட்டர்களில் உடம்பு ஒத்துழைக்க மறுத்தது. தள்ளாடித் தள்ளாடி 10 மணி 58 நிமிடம் 3 நொடியில் கோட்டைத் தாண்டினார். கெடு முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை.

இப்போது கெடு 12 மணி நேரம். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 8 நிமிடம். பன்னிரண்டாம் மணி நெருங்கும்போது, முடிவுக் கோட்டில் ஒருவர் துப்பாக்கியோடு, ஓடி வருபவர்களுக்கு முதுகு காட்டி நிற்பார். யார் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்று பார்த்துவிட்டால் கை தயங்கிவிடும் என்பதற்காக அப்படி நிற்கிறார். நொடி வந்ததும் சுடுவார். இரண்டடி தொலைவில் இருப்பவருக்கும் பதக்கம் இல்லை. பதினோரு மணி நேரத்துக்கும் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் இடையே ஓடி முடிப்பவர்களுக்கு விக் கிளாப்பம் பெயரில் ஒரு பதக்கம் வைத்திருக்கிறார்கள்.

ஓடுபவர்களின் வீட்டாருக்கும் ஒரு சொல். விடிகாலை அலாரத்தில் தூக்கம் கெடுவது அவர்களுக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் களைத்துக் கிடப்பவரைப் பொறுத்துக்கொள்பவர்களும் அவர்களே. பயிற்சி ஏறும் வாரங்களில் பெருமைப்படும் வீடு, இறங்கும் வாரங்களில் எரிச்சலையும் சோர்வையும் தாங்க வேண்டியிருக்கிறது. பந்தயம் முடிந்த பிறகு சிலருக்கு வரும் வெறுமையும் இதில் சேரும். ஐந்து மாதம் ஒரே நாளை நோக்கி வாழ்ந்தவருக்கு அந்த நாள் கடந்ததும் காலை விடிவதற்குக் காரணம் இல்லாதது போலத் தோன்றும். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பயிற்சித் தாளைச் சுவரில் ஒட்டும்போது வீட்டாரையும் அருகில் உட்கார வைத்து, ஓய்வு வாரங்களையும் அதிலேயே கட்டம் போட்டு எழுதலாம்.

சென்னையில் நாம் விட்டுவந்த அந்த ஓட்டக்காரரிடம் திரும்புவோம். மருத்துவர் சொன்னபடி ஆறு வாரம் ஓடவில்லை. நீச்சல் குளத்தில் இறங்கி நடந்தார், சைக்கிள் மிதித்தார், நேரத்துக்குத் தூங்கினார். இந்த ஆண்டு டர்பனுக்குப் போவதில்லை என்று முடிவு செய்ய அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எலும்பில் விரல் வைத்து அழுத்தினால் இப்போது ஒன்றும் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை, தெரு விளக்கு அணையுமுன் வீட்டிலிருந்து இறங்கினார். நியூட்டன் முதல் நாள் ஓடிய தூரத்தைவிடக் குறைவாகவே ஓடினார், நடுவில் இரண்டு முறை நடந்தார். வீட்டுக்கு வந்து, வெற்றுப் பக்கங்களைப் புரட்டித் தள்ளி, தேதி போட்டு எழுதினார்: 2 கி.மீ. மெதுவாக. வலி இல்லை.